நூலகத்துப் புத்தகமும் நிறுத்தப்பட்ட ஊசியும்: ஒரு கிளை நூலகத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

காவிரி டெல்டாவில் உள்ள ஒரு பேரூராட்சியின் கிளை நூலகத்தில் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக் காலத்தில் நடந்தவற்றை இந்த ஆய்வு பதிவு செய்கிறது. அப்போது அங்கே நூலகராகப் பணியாற்றியவள் நான். தொடர்புடைய எவரும் அடையாளம் காணப்படக் கூடாது என்பதற்காக ஊரையும் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன். நடந்தவற்றின் வரிசையையும், அவ்வப்போது நாங்கள் எடுத்த முடிவுகளையும், அவற்றுள் தவறிப் போனவற்றையும் மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.

நூலகம் இரண்டு அறைகள் கொண்டது. முன் அறையில் நாளிதழ் மேசையும் இரவல் வழங்கும் மேசையும் இருந்தன. பின் அறையில் நூல் அடுக்குகளும், ஒரு மூலையில் பாய் விரித்த சிறுவர் பகுதியும் இருந்தன. என்னையும் ஓர் உதவியாளரையும் தவிர வேறு பணியாளர் இல்லை. வெள்ளிக்கிழமை விடுமுறை. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம் 3 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. அரசு மருத்துவமனைக்குப் பேருந்தில் தாலுகா தலைநகருக்குப் போக வேண்டும்.

1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்படி தமிழ்நாட்டில் உள்ளாட்சிகள் சொத்து வரியோடு நூலக வரியையும் வசூலிக்கின்றன. வரி ரூபாய்க்கு இப்போது 10 காசு. ஆகவே நூலக வாசலை ஒருமுறைகூட மிதிக்காத குடும்பமும் அதன் செலவில் பங்கு கொடுத்திருக்கிறது. இந்த நிகழ்வில் நாங்கள் எடுத்த சில முடிவுகளுக்கு இதுவே அடிப்படையாக இருந்ததால் முதலிலேயே குறிப்பிடுகிறேன்.

முதல் வருகை

ஐம்பதுகளின் நடுவில் இருந்த ஓர் அம்மா, பேரனின் உறுப்பினர் அட்டையோடு ஒரு மாலை வந்தார். வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைப் படித்து வளர்ந்தவர்; நன்றாக வாசிப்பார். "சுகரு சுத்தமா குணமாவறதுக்கு ஏதாச்சும் புத்தகம் இருக்காம்மா?" என்று கேட்டார். நான் அடுக்கைக் காட்டினேன். அவர் சிறிது நேரம் தேடி, கையடக்கமான ஒரு நூலை எடுத்து வந்தார். தேதி முத்திரை குத்திக் கொடுத்தேன். அவ்வளவுதான் நடந்தது, என்னைப் பொறுத்தவரை அது அன்றைய பதினைந்து இருபது இரவல்களில் ஒன்று.

அந்தக் கேள்வி யாருக்காகக் கேட்கப்பட்டது என்று நான் கேட்கவில்லை. நோயாளி என்ன மருந்தில் இருக்கிறார் என்றும் கேட்கவில்லை. வாசகர் என்ன படிக்கிறார் என்று துருவுவது முறையல்ல என்றே பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள். அதை மீறாததில் அன்று எனக்குத் திருப்தியும் இருந்தது.

ஐந்து வாரங்களுக்குப் பின்

நூல் திரும்பவில்லை. தவணை கடந்த நூல்களுக்கு நினைவூட்டு அட்டை எழுதும்போது அதற்கும் எழுதினேன். சில நாள் கழித்து அந்த அம்மாவே வந்தார். தாமதக் கட்டணத்தை மேசையில் வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார். பின்னர் சொன்னார்.

அரிசி ஆலையில் வேலை பார்த்து ஓய்ந்த அவருடைய கணவர் பல ஆண்டுகளாக நீரிழிவு உள்ளவர்; காலையும் இரவும் இன்சுலின் போட்டுக்கொள்பவர். அந்த நூலில் ஒரு பொடியின் செய்முறையும், அதை ஒரு மண்டலம், அதாவது 48 நாள், உண்டால் நோய் வேரோடு போகும் என்ற உறுதியும் இருந்தன. ஒரு வாரம் ஆனதும் ஊசியையும் மாத்திரையையும் நிறுத்திவிடலாம் என்றும், முதலில் வரும் சோர்வு கழிவு வெளியேறுவதன் அறிகுறி என்றும் எழுதியிருந்தது. மனைவி வாசித்துக் காட்ட, கணவர் கேட்டு, ஒன்பதாம் நாள் ஊசியை நிறுத்தினார்கள். தாகமும் அடிக்கடி சிறுநீர் போவதும் தொடங்கின, பின்பு வாந்தி, பிறகு கூப்பிட்டால் சரியாகப் பதில் சொல்லாத மயக்கம். சோர்வு வரும் என்று நூலே சொல்லியிருந்ததால் அவர்கள் இரண்டு நாள் பொறுத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் 108-க்கு அழைத்ததால் பிழைத்தார். ஒரு வாரத்துக்கும் மேலாக மருத்துவமனையில் இருந்துவிட்டு வீடு திரும்பினார்.

"லைப்ரரி புத்தகம்தானேம்மா, தப்பா எழுதியிருக்க மாட்டாங்கன்னு நம்பித்தான் படிச்சுக் காட்டுனேன்" என்றார். கோபம் எதுவும் அந்தக் குரலில் இல்லை. தன்னால் நேர்ந்தது என்ற குற்றவுணர்ச்சிதான் இருந்தது. அதைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டியவள் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

அடுக்கில் கண்டவை

அன்று மாலை நூலகத்தைச் சாத்திய பின் அந்த நூலைத் திறந்து பார்த்தேன். பின்பக்கம் ஒட்டிய தேதித் தாள் முழுவதும் முத்திரைகளால் நிறைந்து, அதன்மேல் இரண்டாவது தாள் ஒட்டப்பட்டு, அதுவும் முக்கால்வாசி நிறைந்திருந்தது. எங்கள் நூலகத்தில் பொன்னியின் செல்வனைத் தவிர வேறு நூலில் இரண்டு தாள் பார்த்த நினைவு எனக்கில்லை. "ஊசியை நிறுத்திவிடலாம்" என்ற வரியின் கீழ் மூன்று வேறு வேறு மைகளில் கோடுகள் இருந்தன. இதற்கு முன்னும் பலர் அந்த வரியில் நின்றிருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதை அறிய எங்களிடம் வழி ஏதும் இல்லை.

பின்னட்டையில் அதே பொடியை வி.பி.பி. தபாலில், அதாவது பொட்டலம் கைக்கு வரும்போது பணம் கட்டும் முறையில், பெறலாம் என்ற விளம்பரம் இருந்தது. குறிப்பிட்ட சில நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்துகளை விளம்பரப்படுத்துவதை, மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் தொடர்பான 1954-ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது. அந்தப் பட்டியலில் நீரிழிவும் உண்டு. இருப்புப் பதிவேட்டில் பார்த்தபோது, அந்த நூல் கொள்முதலில் வந்ததல்ல என்பதும், யாரோ வீடு காலி செய்தபோது மூட்டையாகக் கொடுத்த நன்கொடை நூல்களில் ஒன்று என்பதும் தெரிந்தது. எங்கள் முத்திரை விழுந்த பிறகு இந்த வேறுபாடு எந்த வாசகர் கண்ணுக்கும் தெரியாது.

அடுத்த இரண்டு வாரம், மருத்துவம் என்று குறிக்கப்பட்ட மூன்று தட்டுகளையும் நானும் உதவியாளரும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். மருந்தை நிறுத்தச் சொல்லும் நூல்கள் மேலும் இரண்டு இருந்தன. ஆனால் எங்களை அதிகம் திடுக்கிட வைத்தவை, நல்ல நோக்கத்தோடு நல்ல மருத்துவர்கள் அந்தக் காலத்து அறிவைக் கொண்டு எழுதி, இன்று காலாவதியாகிவிட்ட நூல்கள். ஒரு முதலுதவி நூல், பாம்பு கடித்தால் மேலே இறுகக் கட்டி, கடிவாயைக் கீறி இரத்தத்தை வெளியேற்றச் சொன்னது. நாற்று நடவுக் காலத்தில் விரியன் கடி புதிதல்லாத ஊர் எங்களுடையது. கட்டுவதும் கீறுவதும் கேடு என்றும், கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோவதே செய்ய வேண்டியது என்றும் இன்று கற்பிக்கப்படுகிறது. இன்னொரு நூல், நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட வேண்டும் என்றது. அந்தப் பழைய வகைத் தடுப்பூசி நம் நாட்டில் 2004-ஆம் ஆண்டின் இறுதியோடு கைவிடப்பட்டது. இப்போது அரசு மருத்துவமனைகளில் கையில் தோலுக்குள் போடும் ஊசிதான், அதுவும் முதல் நாள், 3, 7, 28-ஆம் நாள்களில். பழைய நூலைப் படித்த ஒருவர் அந்த 14 ஊசிக்கு அஞ்சியே மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிடலாம். வெறிநாய்க்கடி நோயின் அறிகுறிகள் தோன்றிய பின் காப்பாற்றுவது அநேகமாக இயலாது என்பதை எண்ணும்போது, அந்தப் பக்கம் அடுக்கில் இருந்ததே ஆபத்துதான்.

நூலை என்ன செய்வது

வாசகர் வட்டத்தின் கூட்டத்தில் இதை வைத்தேன். வட்டத்தின் தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நூல்களை எடுப்பதைக் கடுமையாக எதிர்த்தார். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலாக வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் மூன்றாவதான "ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர்" என்பதை எடுத்துக்காட்டி, இன்று மருத்துவ நூலை எடுப்பவர் நாளை அரசியல் நூலை எடுப்பார் என்றார். அவருடைய அச்சம் நியாயமானது. இப்போதும் அப்படித்தான் கருதுகிறேன். நூலகர் தனக்குப் பிடிக்காத கருத்தை அடுக்கிலிருந்து நீக்கத் தொடங்கினால் அதற்கு எல்லை இராது.

ஆனால் அதே ரங்கநாதனின் ஐந்தாவது விதி நூலகத்தை வளரும் உயிரி என்கிறது. வளர்கிற ஒன்று உதிர்க்கவும் வேண்டும் என்பது என் வாதம். ஒரு கருத்தோடு உடன்படுவது, படாதது வேறு. காலாவதியான முதலுதவிக் குறிப்பு வேறு. விவாதத்தை முடித்து வைத்தது பின்னட்டை விளம்பரம். அதைக் காட்டியதும் தலைமையாசிரியர் நூலைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்துவிட்டு, அளவுகோல் ஒன்றை எழுதி வைத்துக்கொண்டு அதன்படி மட்டும் எடுங்கள், உங்கள் மனம் போனபடி எடுக்காதீர்கள் என்றார். அப்படியே செய்தோம்.

அளவுகோல் சிறியது. மருத்துவர் தந்த மருந்தை நிறுத்தச் சொல்கிறதா. அவசர நிலையில் செய்ய வேண்டியதைப் பற்றி இன்று கேடு என்று அறியப்பட்டதைச் சொல்கிறதா. தானே ஒரு பொருளை விற்கிறதா. இந்த மூன்றில் ஒன்றேனும் இருந்தால் இரவல் கிடையாது. உணவு, மூலிகை, யோகம், பாட்டி வைத்தியம் பற்றிய நூல்கள் எல்லாம் அடுக்கிலேயே இருந்தன. எங்கள் தேர்வைச் சரிபார்க்க ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரையும், அரசு மருத்துவமனையின் சித்த மருத்துவரையும் அணுகினோம். சித்த மருத்துவரைச் சேர்க்காமல் செய்திருந்தால், இது ஒரு மருத்துவ முறைக்கு எதிரான வேலை என்று ஊரில் பேச்சு எழுந்திருக்கும். உண்மையில் அந்தப் பொடி நூலை மிகவும் கடிந்தவர் அவர்தான். நோயாளியைக் காணாமல், நாடி பாராமல், எல்லாருக்கும் ஒரே அளவு சொல்லி, வேறு மருந்தையும் நிறுத்தச் சொல்வதைச் சித்த மருத்துவம் என்று அழைப்பதே அந்த மருத்துவத்துக்கு இழுக்கு என்றார்.

எடுத்த நூல்களைக் கிழித்து எறிய முடியாது. நூலகத்தில் இருக்கும் ஒவ்வொரு நூலும் இருப்பில் கணக்குக் காட்ட வேண்டிய அரசுச் சொத்து. குறைந்தால் நூலகர் பொறுப்பு. எனவே அவற்றை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டி, கழிவு செய்ய அனுமதி கேட்டு மாவட்ட அலுவலகத்துக்கு எழுதினேன். எஞ்சிய மருத்துவ நூல்களின் முதுகில், வரிசை எண்ணுக்கு மேல், பதிப்பாண்டைப் பெரிய எழுத்தில் ஒட்டினோம். செலவு இல்லாத இந்த வேலை பின்னாளில் எதிர்பார்த்ததைவிடப் பயன்பட்டது. "இது 1979-லேயே வந்ததாம், புதுசு இல்லையா?" என்று வாசகர்களே கேட்கத் தொடங்கினார்கள்.

கேள்வியை எப்படி எதிர்கொள்வது

நடந்ததைக் கண்டு அஞ்சிய என் உதவியாளர், மருத்துவக் கேள்விகளுக்கு இங்கே பதில் கிடைக்காது என்று ஒரு பலகை வைத்துவிடலாம் என்றார். அது எங்களைக் காப்பாற்றும், கேட்பவரைக் காப்பாற்றாது. புறநோயாளிகள் வரிசையில் முக்கால் நாள் நின்று, மருத்துவர் முன் ஓரிரு நிமிடம் மட்டும் உட்கார முடிந்தவர், அங்கே கேட்க முடியாததைத்தான் நூலகத்துக்கு வந்து கேட்கிறார். இங்கும் வாயை அடைத்தால் அவர் அடுத்துப் போகுமிடம் வாட்ஸ்அப் குழுவாகத்தான் இருக்கும்.

ஆகவே ஒரு நடைமுறையை வகுத்தோம். உடல்நலம் பற்றி யாராவது கேட்டால் இரவல் மேசையில் வைத்துப் பேசாமல், பின் அறைக்கு அழைத்துச் சென்று உட்காரவைத்துப் பேசுவது. யாருக்காக, மருத்துவர் ஏற்கெனவே என்ன சொன்னார், இப்போது என்ன மருந்து எடுக்கிறார் என்று கேட்பது. சொல்ல விரும்பாவிட்டால் விட்டுவிடுவது. நூலைக் கொடுக்கும்போது அதன் ஆண்டைக் காட்டுவது. நோயைக் கண்டறிவது, மருந்தின் அளவைச் சொல்வது, ஒரு மருந்து நல்லதா கெட்டதா என்று கருத்துக் கூறுவது ஆகியவற்றை நாங்கள் செய்வதில்லை என்பதை வாய்விட்டுச் சொல்வது. அப்படிச் சொல்லிவிட்டு ஆளை அனுப்பிவிடாமல், தமிழ்நாட்டின் இலவச மருத்துவ ஆலோசனை எண்ணான 104-ஐ அங்கேயே அழைத்துக் கொடுப்பது, அல்லது மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு தாளில் அவரோடு சேர்ந்து எழுதிக் கொடுப்பது.

அந்தத் தாள் ஒரு சிறிய விஷயம். ஆனால் இந்த ஒன்றரை ஆண்டில் நாங்கள் செய்தவற்றில் அதையே முதலில் வைப்பேன். மூன்று கேள்விகளுக்கு மேல் எழுதுவதில்லை. மருத்துவரிடம் வாய் திறந்து கேட்கக் கூசுகிறவர்கள் தாளை நீட்டிவிடுகிறார்கள். திரும்பி வந்து, கேள்விக்குக் கீழே மருத்துவர் கிறுக்கிய பதிலை எங்களிடம் படிக்கக் கொடுத்தவர்களும் உண்டு.

வந்த கேள்விகளை ஒரு பதிவேட்டில் எழுதினோம். பெயரோ உறுப்பினர் எண்ணோ எழுதவில்லை. கேள்வியையும், கொடுத்த நூல் அல்லது எண்ணையும் மட்டுமே எழுதினோம். ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தின் ஆள் அந்தப் பதிவேட்டைப் பார்க்கலாமா என்று கேட்டபோது, கொடுத்திருந்தாலும் அதில் அவருக்குப் பயன்படும் எதுவும் இராது என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது.

சுகாதாரப் பணியாளர் நூலகத்துக்குள்

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து, இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்குமான மாத்திரைகளைத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். எங்கள் பகுதித் தன்னார்வலர் நூலக உறுப்பினரும்கூட. மருத்துவ அலுவலரின் இசைவோடு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை அவர் நூலகத்தில் உட்கார்ந்து இரத்த அழுத்தம் பார்ப்பது என்று முடிவாயிற்று.

முதல் இரண்டு முறையும் தவறாகப் போனது, அதற்கு நானே காரணம். வெளிச்சம் உண்டு, நாற்காலி உண்டு என்பதால் நாளிதழ் மேசைக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தேன். எங்கள் ஊரில் நாளிதழ் மேசை ஆண்களுடையது. அப்படி எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். பெண்கள் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அதைவிடக் கேடு, தன்னார்வலர் வழக்கம்போல அளவை உரக்கச் சொன்னார். "நூத்தி எம்பது" என்று ஒருவருடைய அளவு அறை முழுதும் கேட்டது. நாளிதழ்கள் கீழே இறங்கின, எல்லா முகங்களும் திரும்பின. அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்து போனார். அதன்பின் நாளிதழ் படிக்கவும் பல வாரம் வரவில்லை.

மூன்றாம் முறையிலிருந்து இடத்தைச் சிறுவர் பகுதிக்கு மாற்றினோம். குழந்தைகளை அழைத்து வருகிற தாய்மாரும் பாட்டிமாரும் பாயில் உட்கார்ந்தபடியே கையை நீட்டினார்கள். அளவைச் சொல்லாமல் சீட்டில் எழுதி, 140/90-க்கு மேலிருந்தால் சுகாதார நிலையத்துக்கு எந்தக் கிழமை வரலாம் என்றும் அதிலேயே எழுதித் தருவது என்றாயிற்று. ஆண்கள் வருவது இதனால் குறைந்தது. அதற்கு நாங்கள் நல்ல வழி காணவில்லை.

இடையில் ஒரு தனியார் மருத்துவமனை இலவச முகாம் நடத்த முன்வந்தது. ஒப்புக்கொண்டேன். வந்தவர்களிடம் கைப்பேசி எண்களை வாங்கிச் சென்று, பின்பு பல நாள் அழைத்துக் கட்டணப் பரிசோதனைகளுக்கு வற்புறுத்தினார்கள் என்று வாசகர்கள் என்னிடமே வந்து சொன்னார்கள். அத்தோடு வெளி முகாம்களை நிறுத்தினோம்.

தாள் வீட்டுக்குப் போனது

1931-இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலிலிருந்து மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிச் சுற்றுக் கிராமங்களுக்குக் கொண்டுபோனது இதே டெல்டா மண். நூலகத்துக்கு வர இயலாதவரிடம் நூலகம் போவது இங்கே பழைய வழக்கம். எங்களிடம் வண்டி இல்லை. தன்னார்வலரின் மருந்துப் பை இருந்தது. மாத்திரை அட்டையோடு உடல்நலக் குறிப்புகள் அச்சிட்ட ஒரு தாளும் போகட்டும் என்று தீர்மானித்தோம். உள்ளடக்கத்தை மருத்துவ அலுவலர் எழுதித் தர, அதை ஊராருக்குப் புரியும் தமிழாக்குவது எங்கள் வேலை.

அது நினைத்ததைவிடக் கடினம். முதல் தாளின் தலைப்பு "நீரிழிவு நோயாளிகளின் கவனத்திற்கு". பத்து வீடுகளில் கொடுத்துவிட்டுக் கேட்டபோது, தங்களுக்கு நீரிழிவு இல்லை, சுகர்தான் இருக்கிறது என்றார்கள் சிலர். தலைப்பு "சுகர் இருப்பவர்களுக்கு" என்று மாறியது. "வெறும் வயிற்றில் இரத்தப் பரிசோதனை" என்ற தொடரை அனைவரும் படித்தார்கள். புரிந்தது என்றும் சொன்னார்கள். பரிசோதனை நாளன்று ஒரு பாட்டி, ஒன்றும் சாப்பிடவில்லை, காப்பி மட்டும் குடித்தேன் என்றார். எங்கள் வீடுகளில் காப்பி சாப்பாட்டுக் கணக்கில் சேராது என்பது எனக்கும் தெரிந்ததுதான், ஆனால் எழுதும்போது தோன்றவில்லை. "முந்தைய இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 8 மணி நேரம் தண்ணீர் மட்டும் குடிக்கலாம்; காப்பி, டீ, பால், கஞ்சித் தண்ணீர் கூடாது" என்று திருத்தினோம். ஒவ்வொரு தாளையும் அச்சிடுவதற்கு முன், படித்த வாசகர் இருவரிடமும் படிக்காதவர் இருவரிடமும் வாசித்துக் காட்டி, கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்வது என்பது அதிலிருந்து வழக்கமாயிற்று.

நான்காவது தாள் இன்சுலின் போடுவோருக்கானது. நம் நாட்டில் அரசு மருத்துவமனைகளில் தரும் இன்சுலின் குப்பிகளில் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 அலகு இருக்கும். அதற்குரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு. 100 அலகுக் குப்பிக்குரிய சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு. மாற்றிப் போட்டால் அளவு இரண்டரை மடங்கு பிசகும். இதைப் படமாக வரைந்து, குப்பியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள் என்று மட்டும் எழுதினோம்.

அந்த அம்மா மீண்டும் வந்தது

நூலைத் திருப்பிக் கொடுத்த நாளுக்குப் பின் அந்த அம்மா நூலகத்துக்கு வரவில்லை. பேரனை மட்டும் அனுப்பினார். ஏறத்தாழ ஏழு மாதம் கழித்து ஒரு காலை, மஞ்சள் பையோடு வந்து, முன் அறையில் நிற்காமல் நேரே பின் அறைக்குப் போய்ப் பாயில் உட்கார்ந்தார். பையிலிருந்து தாளையும், ஒரு குப்பியையும், இரண்டு சிரிஞ்சுகளையும் எடுத்து வரிசையாக வைத்தார். ஒன்று சிவப்பு மூடி, இன்னொன்று ஆரஞ்சு. மருத்துவமனையில் கொடுத்தவை தீர்ந்துபோனதால் மூன்று வாரமாகக் கடையில் வாங்கிய சிரிஞ்சைப் பயன்படுத்துகிறார்கள். கணவருக்குச் சர்க்கரை இறங்கவே இல்லை. அவர் சாப்பாட்டில் ஏமாற்றுகிறார் என்று வீட்டில் தினமும் சண்டை. குப்பியில் 40 என்றும், ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 100 என்றும் இருந்தது. 20 என்ற கோடுவரை இழுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கில் உடலுக்குள் போனது 8 அலகு மட்டுமே.

கணக்கு எனக்குப் புரிந்தது. அளவைக் கூட்டுங்கள் என்றோ குறையுங்கள் என்றோ நான் சொல்லவில்லை. சுகாதார நிலையச் செவிலியரை அழைத்து, அந்த அம்மாவிடமே பேசக் கொடுத்தேன். சிரிஞ்சை மாற்றி, முதல் சில நாள் சர்க்கரை தாழ்ந்துவிடாமல் பார்க்க வேண்டும் என்பதால் அன்றே கணவரை அழைத்து வரும்படி செவிலியர் சொன்னார். போனார்கள். எழுந்து போகும்போது அந்த அம்மா, "நான் படிச்சுத்தான கெடுத்தேன், அதான் இதையும் படிச்சுப் பாத்தேன்" என்றார்.

நடக்காமல் போனவை

மனநலம் பற்றிய நூல்களைத் தனித்தட்டில், பெரிய தலைப்போடு வைத்தோம். ஒருவரும் தொடவில்லை. அந்தத் தட்டின் முன் நிற்பதையே யாரும் பார்க்கக் கூடாது என்று நினைக்கிற ஊரில் நாங்கள் செய்தது அறியாமை. பின்னர் அவற்றைப் பொது நூல்களோடு கலந்து, 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையின் எண்ணான 14416-ஐச் சிறு துண்டுகளாக அச்சிட்டு, மிதிவண்டி நிறுத்தும் பக்கச் சுவரில் கிழித்தெடுக்கும்படி தொங்கவிட்டோம். துண்டுகள் தீர்ந்தன; யார் எடுத்தார்கள் என்று பார்க்காதிருக்க வேண்டும் என்று உதவியாளரிடமும் சொல்லியிருந்தேன்.

குடிப்பழக்கம் பற்றிக் கேட்டு வந்தவர்கள் எல்லாரும் மனைவியரும் மகள்களும். குடிப்பவர் ஒருவரும் வரவில்லை. வளரிளம் பெண்களுக்கான மாதவிடாய் பற்றிய கூட்டம் இரண்டு முறை அறிவிக்கப்பட்டு, இரண்டு முறையும் ஆள் வராமல் நின்றது. பள்ளியோடு பேசி அங்கேயே நடத்தியிருக்க வேண்டும்.

மீண்டும் தொடங்கினால் மாற்றுபவை

அடுக்கைப் பார்ப்பதற்கு ஒருவர் மயங்கி விழும்வரை காத்திருக்க மாட்டேன். புதிதாக ஒரு நூலகத்தில் பொறுப்பேற்கும் நூலகர், முதல் மாதத்திலேயே மருத்துவத் தட்டின் பதிப்பாண்டுகளைப் பார்த்துவிடலாம். இரண்டு பேருக்கு இரண்டு வார வேலை. நன்கொடை நூல்களில் உடல்நலம் பற்றியவற்றைத் தனியே பிரித்து, மருத்துவ அலுவலரோ சித்த மருத்துவரோ பார்க்காமல் முத்திரை இட மாட்டேன். தேதித் தாள் நிறைந்துபோன ஒரு நூலைக் கண்டால், எது அதிகம் விரும்பப்படுகிறது என்று மகிழ்வதோடு நிற்காமல், எதைத் தேடி இத்தனை பேர் வந்தார்கள் என்று அன்றே திறந்து பார்ப்பேன்.

"யாருக்காகம்மா கேட்கறீங்க?" என்ற ஒரு கேள்வியை அந்த முதல் மாலையில் கேட்டிருப்பேன். அது துருவுவது ஆகாது என்று இப்போது நினைக்கிறேன். கேட்பவர் பதில் சொல்லாமலிருக்க உரிமை உள்ளவர். ஆனால் அந்த அம்மா அன்று சொல்லத்தான் வந்திருந்தார்.

தன்னார்வலர் ஒருவரை மட்டும் நம்பி இத்தனையும் அமைந்தது இன்னொரு குறை. அவர் மகப்பேற்று விடுப்பில் போனபோது மூன்று மாதம் தாள்கள் நூலகத்திலேயே கட்டுக்கட்டாக இருந்தன. தொடக்கத்திலேயே சுகாதார நிலையத்தோடு எழுத்து வடிவில் ஏற்பாடு செய்திருந்தால், ஆள் மாறினாலும் வேலை நின்றிருக்காது.

நான் மாறுதலாகி வரும்வரை கழிவு செய்யும் அனுமதி வரவில்லை. அடுத்து வந்த நூலகரிடம் பொறுப்பை ஒப்படைத்தபோது இரும்பு அலமாரியைத் திறந்து, பூட்டி வைத்த நூல்களை எண்ணிக் காட்டி, ஏன் பூட்டியிருக்கிறது என்பதையும் ஒப்படைப்புக் குறிப்பில் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். அவர் பொடி நூலை எடுத்துப் பின்பக்கத் தேதித் தாளைப் பார்த்தார். கடைசி முத்திரை அந்த அம்மாவுக்குக் குத்தியது.